ஸ்னோடிராப்பும் அப்பாவின் மாத்திரையும்

ஸ்னோடிராப் என்பது குளிர்காலக் கடைசியில் பூக்கும் சின்ன வெள்ளைப் பூ. அதை வளர்ப்பவர்கள் எல்லாரும் தாங்கள் பார்த்த கதையைச் சொல்வார்கள், என்னுடையதையும் சொல்கிறேன். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் குடிவந்த முதல் அக்டோபரில் கடையில் காய்ந்த கிழங்கு 20 வாங்கி நட்டேன். பிப்ரவரியில் முளைத்தது மூன்றே மூன்று. பக்கத்து வீட்டுப் பாட்டிதான், கிழங்கு காய்ந்துவிட்டால் பிழைப்பது கஷ்டம், பூ முடிந்த கையோடு பச்சை இலையுடன் பெயர்த்து நட வேண்டும் என்று சொல்லி, மார்ச்சில் ஒரு கொத்தை ஈர மண்ணோடு செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். அதில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை.

அடுத்த வருடம் ஒரு நாள் காலையில் கடுமையான உறைபனி. பூவெல்லாம் துவண்டு தரையோடு தரையாகக் கிடந்தன. போச்சு என்றுதான் நினைத்தேன், ஆனால் வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாக நிமிர்ந்து நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். மண்டிபோட்டு ஒரு பூவை விரலால் தூக்கிப் பார்த்தேன். வெளியே நீளமாக மூன்று வெள்ளை இதழ், உள்ளே குட்டையாக மூன்று, அந்தக் குட்டை இதழின் நுனியில் கவிழ்த்துப் போட்ட நாமம் மாதிரி ஒரு பச்சைக் குறி. லேசாகத் தேன் வாசனை. இந்தக் குறியின் நிறமும் வடிவமும் கொஞ்சம் மாறினாலே சேகரிப்பவர்கள் துரத்தித் துரத்தி வாங்குவார்கள். 2022இல் 'கோல்டன் டியர்ஸ்' என்ற ரகத்தின் ஒரே ஒரு கிழங்கு 1,850 பவுண்டுக்குப் போனது.

அப்புறம் செங்கல் பாதை இடுக்கில் நான் நடாத செடி ஒன்று முளைத்தது. அது எறும்பின் வேலை. விதையின் முனையில் ஒட்டியிருக்கும் கொழுப்புச் சதைக்காக எறும்புகள் விதையை இழுத்துக்கொண்டு போய், சதையைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிடுகின்றன.

ஆனால் எனக்கு இந்தப் பூ மனதில் ஒட்டியது அப்பாவால். மறதி நோய்க்கு அவர் சாப்பிட்ட மாத்திரையில் இருந்தது கலன்டமைன், 1950களில் சோவியத் நாட்டில் காகசஸ் ஸ்னோடிராப் கிழங்கிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்களாம். பல்கேரியாவில் அதை மருந்தாக்கினார்கள், 2001இல் அமெரிக்காவிலும் அல்சைமர் என்ற மறதி நோய்க்கு அதைத் தர அனுமதி கிடைத்தது. இதை நான் படித்தபோது அப்பா என் பெயரை மறந்திருந்தார். அன்று தோட்டத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு எச்சரிக்கை: கிழங்கு பார்க்கச் சின்ன வெங்காயம் போலவே இருக்கும், ஆனால் விஷம், குழந்தைகள் கைக்கு எட்ட வைக்காதீர்கள்.

மார்ச்சில் கொத்தைப் பிரிக்கப் போகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு பையும் ஈரத் துணியும் கொண்டுவாருங்கள், தருகிறேன்.