தையல் வேலையால் வரும் தோள் உளைவு: நீட்டற்பயிற்சி மட்டும் போதுமா?

கோப்பாய்த் தையல்:
வீட்டிலிருந்தே தைக்கிறேன். பாடசாலைச் சீருடைகள் குவியும் காலத்தில் நாளுக்கு 8 மணித்தியாலம் வரை மெசினுக்கு முன்னால் குனிந்திருப்பதால், பிடரியிலிருந்து வலது தோள்மூட்டு வரை இறுகி, இரவில் உளைவெடுக்கிறது. கழுத்தைச் சரித்து நீட்டினால் சுகமாக இருக்கிறது. ஆனால் அரை மணித்தியாலத்தில் பழையபடி இறுகிவிடுகிறது. இன்னும் கூடுதலாக நீட்ட வேண்டுமா?

இயன்மருத்துவர், யாழ்ப்பாணம்:
கூட்டுவதால் பயன் குறைவு, சகோதரி. குனிந்து தைக்கும்போது சுருங்கிக் கிடப்பவை நெஞ்சுத் தசைகள். தோள்பட்டை எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளோ நீண்டபடியே பாரத்தைத் தாங்கிக் களைத்துப்போகின்றன. ஆகவே நெஞ்சை நீட்டி, முதுகைப் பலப்படுத்துங்கள். கதவு நிலையின் இரு பக்கமும் முன்கைகளை ஊன்றி, ஒரு காலை முன்னே வைத்து, நெஞ்சு இழுபடுவதை உணரும் அளவில் 20 முதல் 30 வினாடிகள் அசையாமல் நில்லுங்கள். மூன்று தரம் போதும். பிறகு 1.5 லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பி, மறுகையைக் கதிரையில் ஊன்றிக் குனிந்து, தோள்பட்டை முள்ளந்தண்டை நோக்கி நகரும்படி போத்தலை இடுப்புவரை இழுங்கள். பத்துப் பத்தாக இரு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். ஓரிரு நாள் மெல்லிய நோ இருப்பது வழமை; குத்தும் நோவென்றால் நிறுத்திவிடுங்கள். கை விறைத்தாலோ பிடி தளர்ந்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். நெஞ்சு இறுக்கத்தோடு தோளோ கையோ நொந்தால், அதைத் தையலின் தலையில் போடாமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

வலிகாமத்தான்:
கப்பிக் கிணற்றில் தினமும் முப்பது வாளி அள்ளுகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு?

இயன்மருத்துவர், யாழ்ப்பாணம்:
நல்ல கேள்விதான். கப்பிக் கயிற்றைக் கீழ்நோக்கி இழுப்பதில் அக்குளை ஒட்டிய பெரிய முதுகுத் தசையும் கைப்பிடியுமே பெரும்பாலும் உழைக்கின்றன. தோள்பட்டைகளைப் பின்னிழுக்கும் தசைகளுக்குப் போத்தலை இழுப்பதுபோன்ற அசைவுதான் பொருந்தும்.

முன்னாள் தையற்காரி:
தங்கச்சி, உங்கள் கதிரை பதிவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பதிந்த கதிரையில் இருந்தால் துணியைத் தள்ளும்போது தோள் காதுவரை உயர்ந்துவிடும். நான் ஒரு தலையணையை மடித்துப் போட்டுத்தான் தைத்தேன்; அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி நூல் மாற்றுவதைப் பழக்கமாக்கியும் கொண்டேன்.

கோப்பாய்த் தையல்:
பதிவுதான் அக்கா, அளந்து பார்த்தேன்: என் முழங்கை மேசையைவிட மூன்று விரற்கடை கீழே நிற்கிறது. இன்றே தலையணை போடுகிறேன்; போத்தலும் நிரப்பி வைத்துவிட்டேன்.