மறு: கியர் பல்லுல வர்ற குழிக்கு என்ன பேர்?

> எல்லாத்துக்கும் தேய்மானம்னே போட்டுடலாமே, எதுக்கு தனித்தனி சொல்லு?

போதாதுண்ணே. கியர் பல்லு கெடுற விதங்களுக்குத்தானே தமிழ்ப் பேர் தேடுறோம். பழைய கார் கியர்பாக்ஸ திறந்தா பல்லு ஒரே மாதிரி கெட்டிருக்காது, ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற.

1928ல காடிலாக் கார்ல சின்க்ரோமெஷ் (கோக்கறதுக்கு முன்னாடி வேகத்த தானா ஒத்துப்போக வைக்கிற அமைப்பு) வர்ற வரைக்கும் சுத்திக்கிட்டிருக்கிற கியர டிரைவரே தள்ளித்தான் கோக்கணும், வேகம் ஒத்துவரலன்னா கரகரன்னு கத்தும், பல்லோட ஓரம் உடைஞ்சு மழுங்கும். இதுக்கு எந்த ஆயில் ஊத்தியும் புண்ணியமில்ல. "மழுங்கல்" போதும்.

அடுத்தது ஆயில் படலம் கிழிஞ்சு, இரும்பும் இரும்பும் ஒரு நொடி ஒட்டிப் பிய்யறது. பல்லு சறுக்குற திசையில கோடு கோடா இருக்கும், சைக்கிள்ல இருந்து விழுந்த முட்டி மாதிரி. 1926ல பேக்கர்ட் கம்பெனி பின் அச்சுல ஹைப்பாய்டு கியர் வெச்சுது, அதுல பினியன்ங்கிற சின்ன கியர் பெரிய கியரோட நடுக்கோட்டுக்குக் கீழ இறங்கினதால காரையும் தாழ்த்த முடிஞ்சுது, ஆனா பல்லு உருள்றதோட நீளவாக்குல சறுக்கவும் செய்யும், சாதா ஆயில் தாங்கல, கந்தகமும் ஈயமும் கலந்த ஆயில் தேவைப்பட்டுச்சு. அதே ஆயில வெண்கல புஷ் (தண்டு சுத்துறதுக்கு உள்ள வெக்கிற வளையம்) இருக்கிற பழைய கியர்பாக்ஸ்ல ஊத்தினா கந்தகம் வெண்கலத்த அரிச்சிடும், அது தனி வம்பு. பல்லுல கோடு கோடா பிய்யறதுக்கு "சிராய்ப்பு".

இப்ப நம்ம சண்டைக்கு வர்றேன். ஆயில் சுத்தம், அளவும் சரி, ஆனாலும் பல்லோட நடுவாக்குல குட்டிக்குட்டி குழி, நகத்த வெச்சு இழுத்தா மாட்டும். திரும்பத்திரும்ப பாரம் ஏறி மேல்தோல்லயோ அதுக்கு அடியிலயோ விரிசல் விட்டு செதில் செதிலா உதிர்றது. "குழிவுறல்"னு போன மடல்ல எழுதியிருந்தீங்க, பட்டறையில போய் சொன்னா ரோட்டுல குழியான்னு கேப்பாங்க. என் ஓட்டு "சொத்தை"க்கு. பல்லுன்னு ஏற்கனவே சொல்லிட்டோம், சொத்தைன்னா யாருக்கும் விளக்கவே வேண்டாம். கிருமி ஞாபகம் வருதேன்னு கேப்பீங்க, வரட்டுமே. மசகுங்கிற சொல்லக்கூட நாம உக்காந்து உண்டாக்கலியே, மாட்டுவண்டி அச்சுல தடவினத எடுத்துக்கிட்டோம், அதான் நிலைச்சிருக்கு.

ஒரு பல்லு முழுசா விழுந்துட்டா "பொக்கை"ன்னு வெச்சுக்கலாமா? சிரிக்காம பதில் போடுங்க.