சீரான அளவுகோல் ஏன் ஒரு பக்கமாக வளைகிறது?

கேள்வி:
30 செ.மீ. எஃகு அளவுகோலை மேசைமேல் நிமிர்த்தி, மேல்முனையை உள்ளங்கையால் நேர்கீழாக அழுத்தினேன். அசையாமல் நின்ற அது திடீரென்று இடப்பக்கமாக வில்போல் வளைந்தது. அளவுகோலும் விசையும் இடம் வலம் வேறுபாடற்றவை என்றால், தீர்வும் சமச்சீராக அல்லவா இருக்க வேண்டும்?

மறுமொழி 1:
கணிதவியலாளர் ஆய்லர் 1744-இல் ஆராய்ந்த சிக்கல் இதுவே. நேராக நிற்கும் தீர்வு எந்த விசையிலும் மறைவதில்லை. வளைவு தொடங்கும் எல்லையான மாறுநிலை விசையைத் தாண்டியதும் நிலைப்புத்தன்மையை (சற்றே அசைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும் தன்மையை) மட்டுமே இழக்கிறது. அப்போது தோன்றும் இரு வளைந்த தீர்வுகளும் தனித்தனியே சமச்சீரற்றவை என்றாலும், ஒன்றின் கண்ணாடிப் பிம்பமே மற்றது; ஆகவே சமச்சீர்மை தொலையவில்லை, தனித் தீர்விலிருந்து தீர்வுகளின் தொகுதிக்கு இடம்பெயர்ந்திருக்கிறது.

கேட்டவர்:
நன்றி ஐயா. ஆனால் பத்து முறை அழுத்தியும் இடப்பக்கமே வளைகிறதே?

மறுமொழி 2:
எங்கோ உள்ள சிறு குறைதான் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறது. அளவுகோலை முன்பின்னாகத் திருப்பி வைத்து அழுத்துங்கள். இப்போது வலப்பக்கம் வளைந்தால் குறை அளவுகோலில். மீண்டும் இடப்பக்கமே என்றால் உங்கள் கையில்! அளவுகோலுக்கு இக்குறையால் பெரிய பாதகமில்லை. மெல்லிய உருளை ஓடுகளிலோ (தகர டப்பா போன்றவற்றிலோ) மயிரிழைக் குறையே தாங்குதிறனை வெகுவாகக் குறைத்துவிடும் என்பதைக் பொறியியலாளர் கோய்ட்டர் 1945-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் கோட்பாடு விளக்குகிறது.

மறுமொழி 3:
இயக்கவியலை விட்டுவிட்டீர்கள். விசையை மெல்ல ஏற்றியபடியே அளவுகோலின் நடுவில் பக்கவாட்டில் சுண்டிப் பாருங்கள்; அதிர்வு மந்தமாகிக்கொண்டே போகும். முனைகள் கீல்போல் சுழலக்கூடிய தண்டில், அதிர்வெண்ணின் இருமடி (வர்க்கம்), விசை ஏற ஏற நேர்கோட்டில் இறங்கி, மாறுநிலை விசையில் சுழியாகிறது. தண்டை வளையவிடாமலேயே அந்த எல்லையை மதிப்பிட இதையே பயன்படுத்துகிறார்கள்.