உறைய வைத்த சீரத்தில் எல்டிஹெச் குறைவாக வருகிறது: மெலனோமா ஆய்வில் ஒரு சந்தேகம்

கேள்வி (முதுநிலை மாணவி):
வணக்கம். நான்காம் நிலை மெலனோமா (ஒருவகைத் தோல் புற்றுநோய்) நோயாளிகளின் உயிர்வாழ்வுக் காலத்தை முன்கணிப்பதில் இரத்தத்திலுள்ள எல்டிஹெச் (லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி), எஸ்100பி ஆகிய புரதங்கள் எந்த அளவு பயன்படுகின்றன என்று ஆராய்ந்து வருகிறேன். மைனஸ் 20 டிகிரியில் வைத்திருந்த சீரத்தை (இரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்) உருக்கி அளந்தபோது எஸ்100பி எதிர்பார்த்தபடியே இருந்தது. எல்டிஹெச் மட்டும், இரத்தம் எடுத்த நாளிலேயே அளந்து பதிவேட்டில் குறித்த அளவைவிடப் பலருக்குக் குறைவாக உள்ளது. கல்லீரலுக்கு நோய் பரவியவர்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். கருவியைச் சரிபார்க்கப் பயன்படும், அளவு தெரிந்த கன்ட்ரோல் மாதிரிகளின் அளவுகள் சரியாகவே உள்ளன. கோளாறு எங்கே இருக்கக்கூடும்?

மறுமொழி 1 (உயிர்வேதியியல் ஆய்வகத்திலிருந்து):
கன்ட்ரோல் சரியென்றால், சேமித்து வைத்த முறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எல்டிஹெச்சின் ஐந்து ஐசோஎன்சைம்களில் (ஒரே வேலையைச் செய்யும் வெவ்வேறு வடிவங்களில்) நான்காவதும் ஐந்தாவதும் குளிரைத் தாங்காதவை. கல்லீரலில் மிகுதியாக இருப்பது ஐந்தாவதுதான் என்பதால், நீங்கள் கவனித்த வித்தியாசம் இதனுடன் பொருந்துகிறது. எல்டிஹெச்சை அதன் செயல்திறனைக் கொண்டு அளக்கிறோம். எஸ்100பியை ஆன்டிபாடி கொண்டு அளப்பதால் அது தப்பித்திருக்கலாம். ஐசோஎன்சைம் விகிதம் ஆளுக்கு ஆள் மாறுவதால், ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிச் சரிசெய்து விடலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பதிவேட்டு அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2 (புற்றுநோய் மருத்துவர்):
ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் பதிவேட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். இரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் எல்டிஹெச் பொய்யாக உயரும்; அத்தகைய குறிப்புள்ள மாதிரிகளை விலக்கிவிடுங்கள். எல்டிஹெச் லாக்டேட்டைப் பைருவேட்டாக மாற்றும் வினையை வைத்து அளக்கும் முறைக்கும், பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றும் வினையை வைத்து அளக்கும் முறைக்கும் இயல்பு வரம்பே வேறு என்பதால், அந்தந்த ஆய்வகத்தின் மேல் வரம்போடு ஒப்பிட்ட விகிதத்தைப் பயன்படுத்துவது நல்லது. புற்றுநோயின் நிலைகளை வகைப்படுத்தும் ஏஜேசிசி கையேட்டின் எட்டாம் பதிப்பும் எம்1ஏ(0), எம்1ஏ(1) என (அடைப்புக்குறியில் 0 என்றால் உயரவில்லை, 1 என்றால் உயர்ந்துள்ளது), எல்டிஹெச் உயர்ந்துள்ளதா இல்லையா என்பதை மட்டுமே குறிக்கிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் எல்டிஹெச்சை விட்டுவிட்டு எஸ்100பியை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 2:
வேண்டாம். நோய்நிலை வகைப்பாட்டில் இடம்பெற்றுள்ள இரத்தக் குறியீடு எல்டிஹெச்தான்; அதோடு ஒப்பிடாமல் எஸ்100பி கூடுதலாக என்ன சொல்கிறது என்பதை நிறுவ முடியாது. எஸ்100பி மூளையின் கிளையா செல்களிலும் (நரம்பு செல்களைத் தாங்கும் செல்கள்) கொழுப்பு செல்களிலும் இருப்பதால், தலைக்காயத்துக்குப் பிறகு எடுத்த மாதிரிகளைத் தனியே குறித்து வையுங்கள். இன்னொன்றும் முக்கியம்: 2011இல் இபிலிமுமாப் என்னும் நோயெதிர்ப்புச் சிகிச்சை மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்ற பின் இந்நோயின் போக்கே மாறிவிட்டது, எனவே, நோயெதிர்ப்புச் சிகிச்சை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள்.