ஊசல்ல எடை கூட்டினா அலைவு நேரமும் கூடுது, எங்கே தப்பு? (அவசரம்)

தேனி டீச்சர்:
எட்டாம் வகுப்புக்கு மாறிகள் பற்றி ஒரு செயல்பாடு. தனி ஊசல் எடுத்தோம். எடையை மாத்தினா அலைவு நேரம் (ஒரு தடவை போய்த் திரும்பி வர ஆகுற நேரம்) மாறக் கூடாது, ஆனா எங்களுக்கு மாறுது. ஐந்து குழு, ஐந்துக்கும் கூடத்தான் செய்யுது. நூல் நீளத்தை மாத்தவே இல்லை. நாளைக்கு மறுபடி வகுப்பு இருக்கு, யாராவது சொல்லுங்க.

லேப் உதவியாளர்:
டீச்சர், இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நூல் எத்தனை செ.மீ.? எங்கேயிருந்து எங்கே வரை அளந்தீங்க? எடைக்கு என்ன பொருள், அதை எப்படிக் கட்டினீங்க? எத்தனை அலைவுக்கு நேரம் எடுத்தீங்க? எவ்வளவு தூரம் இழுத்து விட்டீங்க? கிடைச்ச எண்களையும் போடுங்க.

காற்றாடி:
காற்றுத்தடைதான். எடை கூடும்போது பரப்பும் கூடுது, காற்று பிடிச்சு இழுக்கும்.

இயற்பியல் முதுகலை:
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ தடவை வந்தாச்சு. போடுறதுக்கு முன்னாடி தேடிப் பார்க்கிறது நல்ல பழக்கம். அலைவு நேரம் நிறையைச் சார்ந்தது இல்லை, இதுல விவாதமே கிடையாது. ஒரே ஒரு அலைவை அளந்திருப்பீங்க. 20 அலைவு எடுத்து 20 ஆல் வகுக்கணும். விடும்போது "பூஜ்யம்"னு தொடங்கணும். "ஒண்ணு"ன்னு தொடங்கினா 19 அலைவைத்தான் அளந்திருப்பீங்க. இதெல்லாம் அடிப்படை.

தேனி டீச்சர்:
20 அலைவுதான் சார், பூஜ்யத்துலதான் தொடங்கினோம். நூல் 50 செ.மீ. எடைக்கு இரும்பு நட்டு. 1 நட்டு 28.6 நொடி, 3 நட்டு 29.2, 5 நட்டு 29.8.

கணக்கு வாத்தியார்:
எண்ணுறதுல பிசகினா எல்லா வரிசையிலும் ஒரே மாதிரிதானே பிசகும்? ஒண்ணுக்கு மேல ஒண்ணு கூடிக்கிட்டே போகாது. காற்றாடி, காற்றுத்தடை வீச்சைத்தான், அதாவது ஆட்டம் எவ்வளவு தூரம் போகுதுங்கிறதைத்தான், குறைக்கும். இவ்வளவு சின்னத் தடையில அலைவு நேரம் மாறுறதை ஸ்டாப்வாட்ச்ல பிடிக்கவே முடியாது.

பச்சைப்பயறு:
மூணு தடவை எடுத்து சராசரி போடுங்க டீச்சர். கை தாமதம்தான் காரணமா இருக்கும்.

கணக்கு வாத்தியார்:
கை தாமதம் ஒரு தடவை கூட்டும், ஒரு தடவை குறைக்கும். ஐந்து குழுவுக்கும் ஒரே பக்கமா 1.2 நொடி வந்திருக்கு, அது தாமதம் இல்லை. எல்லாரும் ஒரே மாதிரி கட்டியிருந்தா எல்லாருக்கும் ஒரே பிழைதான் வரும், சராசரி எடுத்தாலும் அந்தப் பிழை அப்படியேதான் இருக்கும்.

பச்சைப்பயறு:
அதுக்காகச் சராசரியே வேண்டாமா? ஒரே அளவீட்டை வச்சு முடிவு சொல்ற பழக்கம் பிள்ளைங்களுக்கு வரக் கூடாது.

கணக்கு வாத்தியார்:
வேண்டாம்னு சொல்லலை. சிதறலைக் குறைக்கத்தான் சராசரி. அமைப்பிலேயே இருக்கிற பிழைக்கு அது மருந்து இல்லை. இந்த ரெண்டையும் எட்டாம் வகுப்பிலேயே பிரிச்சுக் காட்டணும்.

வீச்சு:
கோணத்தை யாருமே கேட்கலையே! நட்டு கூடக் கூட, பிள்ளைங்க ஆர்வத்துல அதிகமா இழுத்து விட்டிருப்பாங்க. 10 டிகிரியில அலைவு நேரம் 0.2 சதவீதம்தான் கூடும், 30 டிகிரியில 1.7, 45 டிகிரியில 4. இங்கே 28.6 லேர்ந்து 29.8, அதாவது 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. பொருந்துதே.

இயற்பியல் முதுகலை:
ஊசலின் நேரம் வீச்சைச் சார்ந்தது இல்லைன்னு கலிலியோவே சொல்லியாச்சு.

வீச்சு:
கலிலியோ சொன்னது சின்ன வீச்சுக்குத்தான் சரி. வட்டப் பாதையில ஆடுற ஊசலுக்கு வீச்சு கூடினா நேரமும் கூடும்னு டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் 1673 ல விளக்கமாவே எழுதிட்டார். ஊசல் கடிகாரத்துல ஆட்டத்தைச் சின்னதா வச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்பேனர்:
டீச்சர் கொடுத்த எண்களை அப்படியே திருப்பிப் போட்டுப் பார்த்தேன். நீளம் (மீட்டர்ல) = 9.8 × T² ÷ 39.48. T ங்கிறது ஒரு அலைவுக்கான நேரம், அதாவது மொத்த நொடியை 20 ஆல் வகுத்தது; 9.8 புவியீர்ப்பு முடுக்கம், 39.48 ங்கிறது 4π². 1.43 நொடிக்கு 50.8 செ.மீ., 1.46 க்கு 52.9, 1.49 க்கு 55.1. ரெண்டு நட்டு கூடும்போதெல்லாம் நீளம் 2 செ.மீ. சொச்சம் கூடுது. டீச்சர், நட்டை ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா கட்டினீங்களா? நட்டு 2 செ.மீ. அகலமா?

தேனி டீச்சர்:
ஆமா சார், சரம் மாதிரி கட்டினோம். அகலமும் கிட்டத்தட்ட அதுதான்.

ஸ்பேனர்:
அப்போ அதுதான். ஊசலின் நீளம் முடிச்சு வரைக்கும் இல்லை, நூல் தொங்குற ஆணியிலேர்ந்து குண்டோட (இங்கே நட்டுகளோட) நிறை மையம், அதாவது எடையோட நடுப்புள்ளி, வரைக்கும். ஒரு நட்டுக்கு மையம் சுமார் 51 செ.மீ. ல இருக்கும், ஐந்து சரமாத் தொங்கினா 55. நூலை நீங்க மாத்தலை, ஆனா எடையை மாத்தின அதே கை நீளத்தையும் மாத்திடுச்சு.

பேப்பர் கிளிப்பை விரிச்சு நூல் நுனியில கொக்கியா மாட்டுங்க. ஐந்து நட்டையும் அதே கொக்கியில பக்கத்துப் பக்கமா கோத்துடுங்க, மையம் எப்பவும் ஒரே உயரத்துல நிக்கும். ஆணியிலேர்ந்து நட்டு நடு வரை 50 செ.மீ. வர்ற மாதிரி நூலைச் சரி பண்ணுங்க. பக்கவாட்டுல ஸ்கேல் வச்சு எல்லா முறையும் 10 செ.மீ. இழுங்க, சுமார் 11 டிகிரி வரும், வீச்சு சொன்ன சந்தேகமும் அடிபட்டுப் போகும். தள்ளாம விடணும். 20 அலைவுக்கு 28.4 நொடி பக்கத்துல வரும், 0.2 முன்னே பின்னே இருந்தா கை தாமதம்னு விட்டுடலாம்.

பச்சைப்பயறு:
சின்ன பாட்டில்ல மணல் போட்டு எடையை மாத்தலாமே? நீளம் மாறாது.

லேப் உதவியாளர்:
மாறும். கால் பாட்டில் மணல்னா மையம் அடியில இருக்கும், நிரப்ப நிரப்ப மேலே ஏறும். நேரம் குறையும், இதே தொல்லை தலைகீழா வரும்.

கணக்கு வாத்தியார்:
டீச்சர், பழைய அளவீட்டை அழிச்சிடாதீங்க. கட்டுப்படுத்தின மாறிகள்ல (சோதனை முழுக்க மாறாம வச்சதுல) "நூல் நீளம்"னு பிள்ளைங்க நோட்டுல எழுதியிருப்பாங்க. சரமா தொங்குற ஐந்து நட்டைக் காட்டி, மையம் எங்கே இருக்குன்னு அவங்களையே ஸ்கேல் வச்சு அளக்கச் சொல்லுங்க. அப்புறம் அந்தச் சரத்தையே நூலைக் குறைச்சு, நடு நட்டு 50 செ.மீ. ல நிக்கிற மாதிரி கட்டி ஆட்டட்டும். 28.4 க்கு இறங்கினா காரணம் நீளம்தான்னு அவங்களே சொல்லிடுவாங்க. அடுத்த நாள் நீளத்தையே மாத்துற மாறியா எடுங்க: 25, 50, 75, 100 செ.மீ. க்கு 20 அலைவு முறையே 20.1, 28.4, 34.8, 40.1 நொடி வரணும். நாலு மடங்கு நீளத்துக்கு ரெண்டு மடங்கு நேரம்தான் ஆகுதுன்னு அட்டவணையிலேயே தெரியும், சூத்திரத்தை முன்கூட்டியே எழுதிப் போடாதீங்க.

இயற்பியல் முதுகலை:
சூத்திரம் இல்லாம எதோட ஒப்பிடுவாங்க? முதல்ல சூத்திரம், அப்புறம் சரிபார்ப்பு. அதுதான் முறை.

கணக்கு வாத்தியார்:
விடை கையில இருந்தா அதுக்கு ஏத்த மாதிரி எண்ணை இழுப்பாங்க சார். 29.8 வந்திருந்தா அடிச்சிட்டு 28.4 ன்னு எழுதிட்டுப் போயிருப்பாங்க, நட்டுச் சரத்தை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாங்க.

தேனி டீச்சர்:
கொக்கியில மாட்டினோம். 1 நட்டு 28.5, 3 நட்டு 28.3, 5 நட்டு 28.4. எல்லாருக்கும் நன்றி.

ஸ்பேனர்:
அருமை டீச்சர். அந்த நூலைக் குறைச்ச சரத்தையும் ஆட்டிப் பார்த்தீங்களா? எண் என்ன வந்துச்சு?