மாடி அறையில் ஐந்து கருவிகள், வைஃபை எட்டவில்லை: ஒயர் இழுப்பதா, ரிப்பீட்டரா?

கேள்வி: சத்துவாச்சாரி, வேலூர்

வணக்கம். அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சத்துவாச்சாரி வீட்டுவசதி வாரியப் பகுதியில் சொந்த வீடு. மாடியில் ஒரே ஓர் அறை. வெளிப்படிக்கட்டு வழியாகத்தான் ஏற வேண்டும். மாலை ஐந்தரை முதல் எட்டு மணி வரை பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர் அங்கே படிக்க வருகிறார்கள். பாதிப் பேரிடம் கட்டணம் வாங்குவதில்லை.

ஃபைபர் இணைப்பு கீழே கூடத்தில் இருக்கிறது. ஃபைபர் பெட்டியும் வைஃபை ரூட்டரும் ஒரே கருவிதான். திட்டம் 200 எம்பிபிஎஸ். கூடத்தில் கைபேசியில் சோதித்தால் 180க்குக் குறைவதில்லை. மாடி அறையில் அதே கைபேசி 4 காட்டுகிறது, சில நேரம் 7. மேலே ஒரு மேசைக் கணினி, ஒரு பிரிண்டர், ஒரு டிவி, இரண்டு டேப்லெட் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூரில் இருக்கும் என் மகள் காணொளி வழியாக அறிவியல் நடத்துகிறாள். போன வாரம் குவிலென்ஸ் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஒளிக்கதிர் லென்ஸைத் தொட்ட இடத்தில் திரை அப்படியே நின்றுவிட்டது. கதிர் மறுபக்கம் போய் எங்கே குவிகிறது என்பது தெரியாமல், பிள்ளைகள் அந்தப் பாதிக் கோட்டையே நோட்டில் வரைந்து வைத்திருந்தார்கள். அதைத் திருத்தும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஒரு ரிப்பீட்டர் வாங்கி மாடி அறைக்குள்ளேயே பிளக்கில் செருகினேன். வைஃபை குறியில் எல்லாக் கோடுகளும் நிறைந்து தெரிகின்றன. ஆனால் வேகம் 9ஐத் தாண்டவில்லை. பழைய இணைப்புக்கு வாங்கிய ரூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதைப் பயன்படுத்த முடியுமா? சுவரை உடைக்காமல் செய்ய வேண்டும். நாலாயிரம் ரூபாய்க்குள் முடித்தால் நல்லது.

பதில்: காட்பாடி

அம்மா, வணக்கம். அலுவலகங்களுக்கு நெட்வொர்க் ஒயர் போடுவதுதான் என் தொழில். பதினைந்து ஆண்டுகளாகச் செய்கிறேன். உங்கள் மகன் வயதிருக்கும் எனக்கு.

ரிப்பீட்டர் மேல் தவறில்லை, அதை வைத்த இடம் தவறு. அறைக்குள் வந்து சேரும் அலையே மெலிந்தது. அந்த மெலிந்ததைத்தான் அது வாங்கித் திரும்பத் தருகிறது. கைபேசியில் தெரியும் கோடுகள் உங்களுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையே உள்ள தொடர்பைத்தான் காட்டுகின்றன. ரிப்பீட்டருக்கும் கீழே உள்ள ரூட்டருக்கும் இடையே என்ன நிலை என்பது அதில் தெரியாது. மேலும் விலை குறைந்த ரிப்பீட்டர்கள் ஒரே ரேடியோவை வைத்துக்கொண்டு கீழே ஒரு முறையும் மேலே ஒரு முறையும் பேச வேண்டும். அதிலேயே வேகம் பாதிக்கு இறங்கிவிடும். படிக்கட்டுப் பக்கச் சன்னலருகே மாற்றி வைத்தால் கொஞ்சம் கூடும். ஐந்து கருவிகளுக்கு அது போதாது.

காங்கிரீட் தளமும் அதற்குள் இருக்கும் கம்பியும் அலையை விழுங்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் தளத்தைக் கடக்கத் திணறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ஓரளவு கடக்கும், வேகம் குறைவு. அக்கம்பக்கத்து ரூட்டர்களும் அதே அலைவரிசையில்தான் நெரிசல் செய்யும்.

ஒரே ஒரு ஒயர் மேலே போய்விட்டால் எல்லாம் தீர்ந்துவிடும். இரண்டு கேள்விகள். கீழே ரூட்டருக்கு அருகில் இரும்பு பீரோ, தண்ணீர்த் தொட்டி ஏதாவது இருக்கிறதா? வீடு கட்டும்போது லேண்ட்லைன் டெலிபோனுக்கோ கேபிள் டிவிக்கோ மாடி வரை குழாய் பதித்தார்களா?

பதில்: குடியாத்தம்

ஒயரே இழுக்காமல் ஒரு வழி உண்டு. மின்சார ஒயர் வழியாகவே இணையத்தை அனுப்பும் பவர்லைன் அடாப்டர். ஒன்றைக் கீழே ரூட்டர் அருகில் செருகி, மற்றொன்றை மாடியில் செருகினால் போதும். நாங்கள் தறிக்கூடத்துக்கு அப்படித்தான் கொண்டுபோனோம், இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறது.

பதில்: ஆற்காடு

நான் எலக்ட்ரீஷியன். குடியாத்தம் நண்பர் சொல்வது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. இரண்டு அடாப்டர்களும் ஒரே ஃபேஸில் இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். நம் பக்கத்தில் மும்முனை இணைப்பு உள்ள வீடுகளில் கீழ்த்தளத்துக்கு ஒரு ஃபேஸ், மாடிக்கு இன்னொன்று என்று பிரித்துப் போடுவது வழக்கம். நடுவில் இன்வெர்ட்டரோ ஸ்டெபிலைசரோ வந்தாலும் வேகம் விழுந்துவிடும். அவருடைய தறிக்கூடத்தில் ஒரே ஃபேஸ் அமைந்திருக்க வேண்டும். டீச்சர் வீட்டில் பார்த்துவிட்டுத்தான் காசு போட வேண்டும்.

இன்னொன்று, யார் சொன்னாலும் மின்சார ஒயர் போகும் குழாய்க்குள் நெட்வொர்க் ஒயரைத் திணிக்காதீர்கள். உள்ளே எங்காவது மின் ஒயரின் தோல் உரிந்திருந்தால் 230 வோல்ட் நேராகக் கணினிக்கு வரும். இதில் இடமே கொடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

உடனே பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மீட்டர் பெட்டியில் பார்த்தேன், மாடிக்குத் தனி ஃபேஸ்தான். ரூட்டர் பீரோவை ஒட்டித்தான் இருக்கிறது, அதை இன்றே நகர்த்துகிறேன். லேண்ட்லைன் குழாய் இருக்கிறது! கூடத்து மூலையில் தொடங்கி மாடிச் சுவரின் வெளிப்பக்கம் வரை போகிறது. உள்ளே பழைய டெலிபோன் ஒயர் இன்னும் கிடக்கிறது.

பதில்: காட்பாடி

அம்மா, அந்தப் பழைய ஒயரை உருவிப் போட்டுவிடாதீர்கள். புதிய ஒயரை உள்ளே இழுத்துத் தரப்போவது அதுதான். கீழ் முனையில் டெலிபோன் ஒயரையும் புதிய ஒயரையும் ஒரு சாண் நீளத்துக்கு ஒன்றாக வைத்து, இன்சுலேஷன் டேப்பை இறுகச் சுற்றுங்கள். முடிச்சு போடாதீர்கள், வளைவில் சிக்கும். ஒருவர் மேலிருந்து மெதுவாக இழுக்க வேண்டும், இன்னொருவர் கீழிருந்து ஊட்ட வேண்டும். ஒயரின் மேல் முகப் பவுடர் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். பிளக் பொருத்துவது இழுத்து முடித்த பிறகு.

கேட் 6 (Cat 6) என்ற நெட்வொர்க் ஒயர் கேளுங்கள், முழுச் செம்பு என்று சொல்லிக் கேளுங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதும் அதே நீல நிறத்தில் கடையில் இருக்கும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்துவிடும். கேட் 6 ஒயரில் 100 மீட்டர் வரை 1000 எம்பிபிஎஸ் தாராளமாகப் போகும், உங்கள் வீட்டுக்கு 25 மீட்டர்கூட வராது. சுவருக்கு வெளியே வரும் பகுதிக்குத் தனியாகக் குழாய் போட்டு மூடுங்கள். வேலூர் வெயிலில் வெறும் ஒயரின் தோல் சில ஆண்டுகளிலேயே வெடித்துவிடும். அறைக்குள் நுழையும் துளைக்கு முன்னால் ஒயரைச் சற்றே கீழே தொங்கவிட்டு, அதன் பிறகு மேலேற்றுங்கள். மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், உள்ளே வராது.

மேலே ஐந்து துளை கொண்ட கிகாபிட் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று வாங்குங்கள். ஒயர் முதலில் அதற்குள். அதிலிருந்து கணினி, டிவி, பிரிண்டர் மூன்றுக்கும் ஒயர். ஐந்தாவது துளை பழைய ரூட்டருக்கு, அது டேப்லெட்டுகளுக்கு வைஃபை கொடுக்கும்.

பதில்: தோட்டப்பாளையம், வேலூர்

சிஎம்சி மருத்துவமனை அருகே மூன்று மாடி விடுதி ஒன்றைக் கவனித்துக்கொள்கிறேன். சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் குடும்பங்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள். இரவு எட்டு மணிக்கு எல்லோரும் ஊரில் இருக்கும் பிள்ளைகளை வீடியோவில் அழைப்பார்கள். முதலில் மாடிக்கு ஒரு ரிப்பீட்டர் என்று மூன்று வைத்தோம். முதல் தளம் தட்டித்தடவி ஓடியது, மூன்றாம் தளத்தில் குரல்கூட வரவில்லை. அழுதுகொண்டே கீழே இறங்கி வந்து வாசலில் நின்று பேசிய ஒரு தாயைப் பார்த்த பிறகுதான் முதலாளி ஒயர் போடச் சம்மதித்தார். கீழே ஒரு ஸ்விட்ச், அதிலிருந்து தளத்துக்கு ஒரு தனி ஒயர், ஒவ்வொரு தளத்திலும் ஒரு வைஃபை கருவி. அதற்குப் பிறகு ஒரு புகாரும் வரவில்லை. டீச்சர், ஒயரே போடுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஒயர் போட்டாகிவிட்டது. தெருமுனைக் கடையில் வேலை செய்யும் பையன் வந்து இழுத்து, பிளக்கும் பொருத்திக் கொடுத்தான். ஆனால் அவன் ஒயரை நேராகப் பழைய ரூட்டரின் வான் (WAN) துளையில், அதாவது வெளியிலிருந்து இணையம் நுழையும் துளையில் செருகி, ஸ்விட்சை அதற்குப் பின்னால் வைத்துவிட்டுப் போய்விட்டான். இணையம் வருகிறது, படம் நிற்பதில்லை. இரண்டு குறைகள் இருக்கின்றன. கீழே கூடத்தில் இருந்துகொண்டு கைபேசியிலிருந்து வினாத்தாளை மேலே உள்ள பிரிண்டருக்கு அனுப்பினால் பிரிண்டரையே காணவில்லை என்கிறது. மேலே போய் அனுப்பினால் அச்சாகிறது. கணினியில் வேகம் 94லேயே நிற்கிறது.

பதில்: காட்பாடி

அம்மா, முதல் குறைக்குக் காரணம் அந்த வான் துளை. அதில் செருகியதால் பழைய ரூட்டர் மாடியில் தனிக்குடித்தனம் நடத்துகிறது. கீழே உள்ள கருவிகளுக்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரி, மேலே உள்ளவற்றுக்கு 192.168.0 என்று தொடங்கும் முகவரி வந்திருக்கும், பாருங்கள். மேலிருந்து கீழே போகலாம், கீழிருந்து மேலே எட்டிப்பார்க்கக்கூட முடியாது. அதனால்தான் பிரிண்டர் தெரியவில்லை.

பழைய ரூட்டரை எல்லாவற்றிலிருந்தும் கழற்றி, கணினியோடு மட்டும் ஒயரால் இணையுங்கள். அமைப்புப் பக்கத்தில் அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். கீழ் ரூட்டர் 192.168.1.1 ஆகத்தான் இருக்கும், அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அது பிறருக்குப் பங்கிடும் முகவரிகளில் 2 இடம்பெறக் கூடாது. பிறகு பழைய ரூட்டரில் டிஎச்சிபி என்பதை அணைத்துவிடுங்கள். முகவரி பங்கிடும் வேலையை ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் செய்தால் போதும். கடைசியாக வான் துளையைக் காலியாக விட்டு, வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) துளை ஒன்றிலிருந்து ஸ்விட்சுக்கு ஒரே ஓர் ஒயர். இரண்டு ஒயர் கொடுத்தால் தகவல் வட்டமாகச் சுற்றி மொத்த வீடும் முடங்கிவிடும்.

பழைய ரூட்டரின் வைஃபைக்கும் கீழ் ரூட்டரில் உள்ள அதே பெயரும் கடவுச்சொல்லும் இருக்கட்டும். 2.4இல் கீழே சேனல் 1, மேலே 11 என்று வையுங்கள், ஒன்றோடொன்று மோதாது.

பதில்: தோட்டப்பாளையம், வேலூர்

பெயர் விஷயத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். ஒரே பெயர் வைத்தால் சில டேப்லெட்டுகள் மேலே வந்த பிறகும் கீழ் ரூட்டரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அறையை விட்டு நகராத கருவிகளுக்கு ‘மாடி’ என்று தனிப்பெயர் வைத்தால் குழப்பம் இல்லை.

கேள்வி கேட்டவர்

டேப்லெட்டுகள் கீழே இறங்குவதே இல்லை, அதனால் ‘மாடி’ என்றே வைத்துவிட்டேன். கூடத்திலிருந்து வினாத்தாள் அச்சாகிவிட்டது! ஆனால் கணினியை ஸ்விட்சில் நேராக இணைத்தும் 94தான். ஸ்விட்சை விலக்கி, கீழிருந்து வரும் ஒயரைக் கணினியிலேயே செருகிப் பார்த்தேன். இணைப்பு வேகம் 100 என்று காட்டுகிறது.

பதில்: ஆற்காடு

நல்ல சோதனை செய்திருக்கிறீர்கள் டீச்சர். ஸ்விட்ச் மேல் சந்தேகம் போய்விட்டது. அந்த ஒயருக்குள் எட்டு இழைகள். 100க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு போதும், 1000க்கு எட்டும் வேண்டும். மீதி நான்கில் ஏதோ ஒன்று பிளக்கில் சேரவில்லை. பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து, நுனி மேலேயும் தாழ்ப்பாள் உங்கள் கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்திலும் இருக்கும்படி பாருங்கள். இடமிருந்து ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. எட்டும் நுனிச் சுவரைத் தொட்டிருக்க வேண்டும். இரண்டு முனைகளையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

ஐயா, கண்டுபிடித்துவிட்டேன். மேல் முனை சரியாக இருந்தது. கீழ் முனையை என் மூக்குக்கண்ணாடியோடு பூதக்கண்ணாடியும் வைத்துப் பார்த்தேன். கடைசிப் பழுப்பு இழை ஓர் அரிசி நீளத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. கடைப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பழைய பிளக்கை வெட்டி எறிந்து, இழைகளைச் சமமாக நறுக்கி, புதிதாகப் பொருத்தினான். சோதனைக் கருவியில் 1 முதல் 8 வரை விளக்குகள் வரிசையாக எரிந்ததைப் பிள்ளைகளும் சுற்றி நின்று எண்ணினார்கள்.

இப்போது கணினியில் 188. டேப்லெட்டுகளில் 60 முதல் 70 வரை. பழைய ரூட்டரின் துளைகளே 100 வரைதானாம், எங்களுக்கு அது போதும். ஒயர், ஸ்விட்ச், குழாய், கூலி எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய்.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் அதே குவிலென்ஸ் படத்தை மறுபடியும் வரைந்தாள். கதிர் மறுபக்கம் போய்க் குவிந்தது.

ஒரே ஒரு சந்தேகம். மின்சாரம் நின்றால் கீழ் ரூட்டர் இன்வெர்ட்டரில் ஓடுகிறது, மேலே ஸ்விட்சும் பழைய ரூட்டரும் அணைந்துவிடுகின்றன.

பதில்: ஆற்காடு

மாடி மின்விசிறிக்கு இன்வெர்ட்டர் லைன் வருகிறதா? வந்தால் அதே பெட்டியிலிருந்து ஒரு பிளக் பாயிண்ட் எடுத்துவிடலாம். இரண்டும் சேர்ந்து ஒரு சிறிய எல்இடி விளக்கு அளவுக்குத்தான் மின்சாரம் தின்னும். இடி இடிக்கும் மாலைகளில் மட்டும் மேலே ஸ்விட்சிலிருந்தும் கீழே ரூட்டரிலிருந்தும் அந்த ஒயரைக் கழற்றி வையுங்கள். இடி தொடங்குவதற்கு முன்பே கழற்றுங்கள், இடிக்கும்போது தொடாதீர்கள். வெளிச்சுவரில் ஓடும் செம்பு அது. வரும் வெள்ளிக்கிழமை வேலூரில் எனக்கு வேலை இருக்கிறது, பிளக் பாயிண்டை நானே வந்து போட்டுத் தருகிறேன். கூலி வேண்டாம்.