போன் இல்லாமல் வாய் திறக்காத 3 வயதுக் குழந்தை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
குழந்தைக்கு 3 வயது. போனைக் கையில் கொடுத்தால்தான் ஒரு வாய் இறங்குகிறது. வாங்கினால் தரையில் புரண்டு அழுகை. நாளுக்கு மூன்று மணி நேரம் ஓடிவிடுகிறது. ஒரேயடியாக நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா?

பதில் 1:
மூன்று நாளைக்கு எதையும் மாற்றாமல் எழுதி வையுங்கள்: எந்த நேரம், யார் கொடுத்தது, எதற்காக. பெரும்பாலும் பெரியவர்களுக்குக் கை ஓயாத அதே இரண்டு மூன்று வேளைகள்தான் வரும்.

அதில் சாப்பாட்டு வேளையை மட்டும் முதலில் எடுத்து, அங்கே முழுதாக நிறுத்துங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். பத்து நிமிடம் அழவிட்டு, மனசு கேட்காமல் கொடுத்துவிடுவார்கள். பத்து நிமிடம் அழுதால் கிடைக்கும் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். அடுத்த முறை பதினைந்து நிமிடம் அழும். மற்ற வேளைகளில் கொடுப்பதானால் அழுவதற்கு முன்பே கொடுங்கள், மறுத்தால் கடைசிவரை மறுங்கள். முதல் சில நாள் அழுகை கூடத்தான் செய்யும், பயப்படாதீர்கள். 20, 30 நிமிடத்தில் திட்டாமல் தட்டை எடுத்துவிடலாம். எடை குறைந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில் 2:
2 முதல் 4 வயதுவரை உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்.

"இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றால் இந்த வயதுக்குப் புரியாது. வீடியோ முடிகிற இடத்தில் நிறுத்துங்கள். அடுத்த வீடியோ தானாக வரும் ஆட்டோபிளே ஓடினால் அந்த முடிவே வராது. இரண்டு வீடியோவை டவுன்லோட் செய்து, ஏரோபிளேன் மோடில் போட்டுக் கொடுங்கள். முடிந்ததும் குழந்தையே போனை உங்கள் கையில் தரட்டும், பிடுங்கும்போதுதான் சண்டை. ஷார்ட்ஸ் என்ற குட்டி வீடியோக்கள் வேண்டவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
நான் மறுத்தாலும் பாட்டி கொடுத்துவிடுகிறாரே?

பதில் 3:
பாட்டியிடம் "கொடுக்காதீங்க" என்று மட்டும் சொன்னால் நடக்காது. அழும் குழந்தையை வைத்துக்கொண்டு அவர் வேறென்ன செய்வார்? பருப்பு டப்பா, கரண்டி, மூடி என்று குழந்தை விளையாட ஒரு கூடையை அவர் பக்கத்தில் வையுங்கள். போனின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

உங்கள் போனையும் கவனியுங்கள். "அம்மா, இங்க பாரு" என்று குழந்தை மூன்று முறை கூப்பிடும், நாம் தலை நிமிர மாட்டோம். நான்காவது முறை கையில் இருப்பதை எறியும், உடனே பார்ப்போம். எறிந்தால்தான் பார்ப்பார்கள் என்று அதுவும் படிந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் வீட்டிலுள்ள எல்லாப் போனும் அடுத்த அறையில் சார்ஜில் இருக்கட்டும்.